ஹாட்பாக்ஸ் போன கதை

அன்புள்ள ஐயா,

எங்கள் அடுக்ககத்தில் பொங்கல் விழாவுக்கு விநாடி வினா வைத்தார்கள். தமிழில் அச்சான முதல் புத்தகம் எது என்று கேள்வி. 1554, லிஸ்பன் என்றேன். நடத்தியவர் “தப்பு, 1578, தம்பிரான் வணக்கம்” என்று மதிப்பெண்ணைப் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிட்டார். வாதாடிப் பார்த்தேன், “புத்தகத்துல அப்படித்தான் சார் போட்டிருக்கு” என்றார். ஒரு மதிப்பெண்ணில் ஹாட்பாக்ஸ் கைநழுவியது. யார் சொன்னது சரி?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

இரண்டு பேரும் சரி, கேள்விதான் அரைகுறை.

நீங்கள் சொன்ன லிஸ்பன் புத்தகம் ஒரு சின்ன ஜெப நூல். அதில் இருப்பது தமிழ்தான், ஆனால் தமிழ் எழுத்து ஒன்றுகூடக் கிடையாது. எல்லாமே ரோமன் எழுத்து, கூடவே போர்ச்சுகீசிய அர்த்தம். இன்றைக்கு வாட்ஸப்பில் ‘சாப்டாச்சா’ என்று ஆங்கில எழுத்தில் தட்டுகிறோமே, அதற்குக் கொள்ளுத்தாத்தா என்று வைத்துக்கொள்ளுங்கள். தமிழ் எழுத்தை ஈயத்தில் வார்த்து அச்சடித்தது 24 வருஷம் கழித்து, கொல்லத்தில், 1578 அக்டோபர் 20 அன்று. தம்பிரான் வணக்கம் மொத்தமே 16 பக்கம், உள்ளங்கையில் அடங்கிவிடும். முத்துக்குளித்துறையில் பரதவர்களோடு வாழ்ந்து தமிழ் கற்றுக்கொண்ட அன்றிக்கி அன்றிக்கஸ் பாதிரியார் போர்ச்சுகீசியத்திலிருந்து கொண்டுவந்தது. மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது, ஓலையில் எழுதின மாதிரியே இருக்கும், நாம் எழுத்துக்கூட்டித்தான் படிக்க வேண்டும். எனக்கு அதில் ரொம்பப் பிடித்தது கடைசிப் பக்கம். கோவாவில் வார்த்த எழுத்து இது, கொல்லத்தில் வார்த்த எழுத்து இது என்று இரண்டையும் தனித்தனியாக அச்சிட்டுக் காட்டியிருக்கிறார்கள். முதல் அடுப்பில் வெந்ததையும் இரண்டாம் அடுப்பில் வெந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் பரிமாறின மாதிரி.

ஆக, ‘தமிழ் எழுத்தில்’ என்று ஒரு சொல்லைச் சேர்த்திருந்தால் உங்களுக்கு வாதாட இடமே இருந்திருக்காது. ‘முதல்’ என்று தொடங்கும் கேள்வி எல்லாமே இப்படித்தான். முதல் நாவல் 1879இல் வந்த பிரதாப முதலியார் சரித்திரம் என்போம், ஆனால் 1875லேயே ஆதியூர் அவதானி சரிதம் செய்யுளில் வந்துவிட்டது, அதனால் ‘உரைநடை’ என்று சேர்க்க வேண்டியிருக்கிறது. முதல் பேசும் படம் 1931 தீபாவளி சமயம் வந்த காளிதாஸ். அதில் கதாநாயகி டி.பி.ராஜலட்சுமி தமிழில் பேச, கதாநாயகன் தெலுங்கில் பதில் சொன்னார்! அதை முதல் தமிழ்ப் படம் என்று நாம் கொண்டாடினால், தெலுங்குக்காரர் ஒருவர் எழுந்து பங்கு கேட்க மாட்டாரா? போட்டுப் பார்த்துத் தீர்த்துக்கொள்ளலாம் என்றால் அந்தப் படத்தின் பிரதியும் இப்போது இல்லை.

அப்புறம், “புத்தகத்துல போட்டிருக்கு” என்றாரே, அதற்கு ஒரு கதை உண்டு. கொலம்போ என்ற அமெரிக்கத் துப்பறியும் தொடர், கசங்கின கோட்டு போட்டுக்கொண்டு பீட்டர் ஃபால்க் வருவாரே, அதுதான். அதில் அந்த அதிகாரியின் முதற்பெயரை யாரும் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். ஃபிரெட் வொர்த் என்பவர் துணுக்குச் செய்திகளைத் தொகுத்துப் போட்ட புத்தகத்தில் அந்தப் பெயர் ‘பிலிப்’ என்று வேண்டுமென்றே ஒரு பொய்யைச் செருகிவைத்தார். யாராவது தன் புத்தகத்திலிருந்து உருவினால் கையும் களவுமாகப் பிடிக்கலாமே! நினைத்தபடியே டிரிவியல் பர்சூட் என்ற விநாடி வினா விளையாட்டின் கேள்வி அட்டையில் ‘பிலிப்’ வந்து உட்கார்ந்தது. 1984இல் 30 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார். விளையாட்டைத் தயாரித்தவர்கள் ஆமாம், உங்கள் புத்தகத்தையும் பார்த்தோம் என்று ஒத்துக்கொண்டார்கள், இருந்தும் வொர்த் தோற்றுப்போனார். தகவலுக்கு யாரும் சொந்தம் கொண்டாட முடியாது என்றது நீதிமன்றம். பொய்த் தகவல் என்றாலும் அதே கதிதான், பாவம்.

அதனால் உங்கள் விநாடி வினாக்காரரிடம் எந்தப் புத்தகம் என்று கேட்டுப் பாருங்கள், சண்டைக்கு வேண்டாம், தெரிந்துகொள்ளத்தான். ஹாட்பாக்ஸ் பக்கத்து வீட்டிலேயே இருக்கட்டும், அவர் சொன்ன 1578ம் சரிதானே. அடுத்த பொங்கலுக்குக் கேள்வி தயாரிக்கும் வேலையை நீங்களே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.