34 இலை, நாலு நாள்: பொங்கல் சமையலை ஏஜென்டிடம் விடலாமா?

கேள்வி: எங்கள் வீடு மயிலாடுதுறை பக்கத்தில் ஒரு கிராமம். பொங்கலுக்கு மாமனார் வழிச் சொந்தமெல்லாம் இங்கேதான் கூடும். போகி முதல் காணும் பொங்கல் வரை குழந்தைகள் சேர்த்து 34 பேர். போன வருஷம் நானும் ஓரகத்தியும் அடுப்படியை விட்டு வெளியே வரவே இல்லை. பொங்கலன்று மத்தியானம் எங்கள் இருவருக்கும் ரசமும் மோரும்தான் மிஞ்சின. காணும் பொங்கலன்றோ ஒரு அண்டா சோற்றைக் கொட்டினோம். இந்த முறை ஒரு ஏஜென்ட் நாலு நாளையும் மொத்தமாகப் பார்த்துக்கொள்கிறேன் என்கிறார், பாதிப் பணம் முன்பணமாகக் கேட்கிறார். வீட்டுக்காரர் சரி என்கிறார், மாமியாருக்கு இஷ்டமில்லை. என்ன செய்வது?

பதில்: இந்த ஒரு விஷயத்தில் மாமியார் பக்கம்தான் நான். முன்பணம் கொடுக்காதீர்கள் அம்மா.

கல்யாண சமையலில் இருபத்தெட்டு வருஷம் அடுப்பு முன்னால் நின்றவன் சொல்கிறேன். ஏஜென்ட் என்பவரிடம் அடுப்பும் இல்லை, அண்டாவும் இல்லை. ஒரு போனும் நாலு சமையல் மாஸ்டர்களின் நம்பரும்தான் இருக்கும். உங்களிடம் இலைக்கு இவ்வளவு என்று பேசி வாங்குவார். தன் பங்கை எடுத்துக்கொண்டு ஒரு கான்ட்ராக்டரிடம் தள்ளுவார். பண்டிகை நாளில் அவரிடமும் ஆள் இருக்காது, அவர் இன்னொருவரிடம் தள்ளுவார். கடைசியில் விடியற்காலை நாலு மணிக்கு உங்கள் கொல்லையில் வந்து இறங்குகிறவருக்கு உங்கள் பெயரும் தெரியாது, எத்தனை இலை என்பதும் தெரியாது. கை மாற மாறப் பணம் குறையும், பணம் குறையக் குறைய பருப்பு குறையும். சாம்பார் ஏன் ரசம் மாதிரி ஓடுகிறது என்று கேட்டால், "எனக்குக் கொடுத்த ரேட்டுக்கு இவ்வளவுதான் சார்" என்பார். அவர் சொல்வதும் நியாயம்தான்.

அதோடு, 50 இலைக்குக் குறைந்து எடுக்க மாட்டோம் என்று ஒரு வரி கடைசியில் வரும். உங்கள் வீட்டில் 34. மீதி 16 இலைக்கு யார் உட்காருவது?

உரிமம் இருக்கிறதா என்று கேட்டால் கார்டை நீட்டுவார்கள். உணவுப் பாதுகாப்பு உரிமத்துக்கு 14 இலக்க எண் உண்டு. உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் இணையதளத்தில் அதைப் போட்டுப் பார்த்தால் யார் பெயரில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். ஒரே எண்ணை மூன்று பேர் கார்டில் அச்சடித்து வைத்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். அதிகாரிகளுக்கு எண் கொடுப்பதில் இருக்கிற அக்கறை, அந்த எண் யார் பாக்கெட்டில் சுற்றுகிறது என்று பார்ப்பதில் இல்லை. வரியும் அப்படித்தான். கேட்டரிங்குக்கு 5 சதவீதம் ஜி.எஸ்.டி. என்று பில்லில் போட்டால், தமிழ்நாட்டுக்கான 33இல் தொடங்கும் 15 எழுத்து எண் அதில் இருக்க வேண்டும். காம்போசிஷன் என்ற சிறு வியாபாரிகளுக்கான எளிய வரித் திட்டத்தில் இருக்கிறவர் உங்களிடம் தனியாக வரி வசூலிக்கவே கூடாது. எண்ணே இல்லாமல் வெள்ளைத் தாளில் "வரி" என்று எழுதி வாங்கினால், அது அவர் வீட்டுக்குப் போகிற பணம். இதைக் கேட்க வேண்டியவர்கள் கேட்பதில்லை, நீங்களாவது கேளுங்கள்.

சரி, ஏஜென்ட் வேண்டாம் என்றால் மறுபடியும் நீங்களும் ஓரகத்தியுமேதானா? இல்லை. ஒரே ஒரு வேளைக்கு மட்டும் கூலிக்கு ஒரு மாஸ்டரும் ஒரு கையாளும் வையுங்கள். அந்த வேளை காணும் பொங்கல் மத்தியானம். அன்றைக்குத்தான் வீட்டுப் பெண்களுக்கு இடுப்பு விட்டுப்போயிருக்கும். பொங்கலன்று பானை வைப்பது உங்கள் வீட்டுக் கையாகவே இருக்கட்டும், மாமியாருக்கும் குறை இருக்காது. கறிச்சோறு போடும் வழக்கமிருந்தால் அதையும் காணும் பொங்கலுக்கே தள்ளிவிடுங்கள். மாட்டுப் பொங்கலன்று திருவள்ளுவர் தினம், ஊர்களில் கறிக்கடைகளை மூடச் சொல்லி அறிவிப்பு வரும். மூடிய கடையின் பின்கதவில் இரண்டு மடங்கு விலைக்கு வாங்கி வந்து நிற்பானேன்? 34 பேருக்கு எலும்போடு 5 கிலோ தாராளம். கண் முன்னால் நிறுத்து, பிறகு வெட்டச் சொல்லுங்கள்.

மாஸ்டரிடம் கூலி மட்டும் பேசுங்கள், சரக்கை நீங்களே வாங்குங்கள். ஏன் என்றால், சரக்கு லிஸ்ட் எழுதுகிற மாஸ்டர் கடையையும் அவரே சொல்வார். "அந்தக் கடையில் வாங்குங்க, தரமா இருக்கும்" என்பார். இரண்டு கிலோ போதுமான இடத்தில் மூன்று எழுதுவார். விசேஷம் முடிந்த மறுநாள் கடைக்காரர் அவர் கையில் ஒரு தொகை வைப்பார். தொழிலுக்கு வந்த புதிதில் நானும் வாங்கியிருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு விவரமாகச் சொல்ல முடிகிறது. லிஸ்டை எழுதி வாங்குங்கள், மேலே எத்தனை இலை, என்னென்ன பதார்த்தம் என்று அவர் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். உங்கள் வழக்கமான கடையில், பிரிக்காத பாக்கெட்டைத் திருப்பி எடுத்துக்கொள்வதாகப் பேசி வாங்குங்கள். முந்திரியும் நெய்யும் லிஸ்டில் எவ்வளவு என்று பார்த்தாலே ஆள் யார் என்று தெரிந்துவிடும். வெல்லம் மட்டும் பளிச்சென்ற மஞ்சளாக இருந்தால் வாங்காதீர்கள். அந்த நிறம் பெரும்பாலும் ரசாயனம் போட்டு வருவது. கருத்த வெல்லம்தான் நல்லது.

இப்போது உங்கள் உண்மையான கவலைக்கு வருகிறேன். ஒரு நாள் பற்றவில்லை, ஒரு நாள் கொட்டினீர்கள். இரண்டுக்கும் காரணம் ஒன்றே, கண்ணளவில் போட்டிருக்கிறீர்கள். முதல் நாள் பற்றாததால் பயந்து, கடைசி நாள் அள்ளிப் போட்டிருப்பீர்கள். எல்லா வீட்டிலும் நடப்பதுதான். பொங்கலன்று மத்தியானத்துக்கு என் கணக்கு இது: சாம்பாருக்குத் துவரம் பருப்பு ஒன்றேகால் கிலோ, தயிர் 4 லிட்டர். ஒரு கிலோ உளுந்தில் சின்ன வடை எழுபது வரை தேறும், ஆளுக்கு இரண்டு. சர்க்கரைப் பொங்கலுக்கு அரைக் கிலோ அரிசி, 125 கிராம் பாசிப்பருப்பு, ஒரு கிலோ வெல்லம். அது போதுமா என்பீர்கள். இலையில் ஒரு கரண்டிக்கு மேல் யாரும் தொடுவதில்லை. ஒன்றரைக் கிலோ அரிசி போட்டால் மறுநாள் மாட்டுக்குத்தான். மாட்டுப் பொங்கலாயிற்றே, அதுவும் சாப்பிடட்டும் என்றால் சரி.

சோற்றுக்கு, ஒரு கிலோ அரிசி ஒன்பது பேருக்கு என்பது கணக்கு. 34 பேரில் குழந்தைகளை அரை இலையாக வைத்தால் மூன்றரைக் கிலோவில் முடிந்துவிடும். ஆனால் பொங்கலுக்கு மட்டும் இந்தக் கணக்கு பொய்க்கும், இதைக் கவனியுங்கள். உங்கள் பக்கத்தில் சம்பா அறுத்துப் புத்தரிசி வந்திருக்கும், புது அரிசிதான் வைக்க வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஆறு மாதம், ஒரு வருஷம் கிடந்த பழைய அரிசி தண்ணீரைக் குடித்து உப்பும். புத்தரிசி அவ்வளவு குடிக்காது, அவ்வளவு பொங்கவும் பொங்காது, சீக்கிரம் குழைந்துவிடும். அப்போது ஒரு கிலோ ஏழு பேருக்குத்தான் வரும். போன வருஷம் உங்களுக்குப் பற்றாமல் போனதும் இதனால்தான் இருக்கும் என்பது என் ஊகம். ஆகவே புத்தரிசி என்றால் நாலரைக் கிலோ போடுங்கள், தண்ணீரைக் குறையுங்கள், முன்னதாக வடியுங்கள். ஒரு பருக்கையை எடுத்து விரலில் நசுக்கினால் நடுவில் ஊசிமுனை அளவு வெள்ளை தெரிய வேண்டும், அந்த நேரத்தில் வடித்துவிடுங்கள், மிச்சத்தை உள்சூடு பார்த்துக்கொள்ளும். பழையதும் புதியதும் பாதிப் பாதி கலந்தால் சரியாகிவிடும் என்று யாராவது சொல்வார்கள். செய்யாதீர்கள். ஒரே உலையில் ஒன்று வேகும்போது மற்றது கூழாகிவிடும். சாமிக்கு வைக்கிற பானையில் மட்டும் புத்தரிசி, சாப்பாட்டுக்குப் பழைய அரிசி என்று பிரிப்பதுதான் நான் சொல்லும் வழி. மாமியார் அதற்கும் ஒப்பவில்லை என்றால், இரண்டு நாள் முன்பே ஒரு டம்ளர் போட்டு வடித்துப் பாருங்கள், அரிசியே சொல்லிவிடும்.

போகியன்று யார் எப்போது வருவார்கள் என்பது ஆண்டவனுக்குத்தான் தெரியும். ரயிலுக்கு 60 நாள் முன்பு காலை எட்டு மணிக்கு முன்பதிவு திறக்கும், பொங்கல் டிக்கெட் சில நிமிஷத்தில் தீர்ந்துவிடும். அப்புறம் எல்லாரும் காரில் கிளம்பிப் பரனூர் டோல்கேட்டில் நிற்பார்கள். இது வருஷா வருஷம் நடக்கிறது, வருஷா வருஷம் புதிதாக நடப்பதுபோல் அதிகாரிகள் பேட்டி கொடுக்கிறார்கள். அதனால் அன்றைக்கு இட்லி, தோசை என்று ஆரம்பிக்காதீர்கள். மார்கழிக் குளிரில் மாவும் நேரத்துக்குப் பொங்காது. காத்திருக்கக்கூடிய சாப்பாடு போதும்: புளியோதரை, பால் கூட்டிப் பிசைந்த தயிர்சாதம், வடகம். பத்து மணிக்கு வருகிறவரும் மூன்று மணிக்கு வருகிறவரும் அதையே சாப்பிடலாம்.

மாஸ்டர் வருகிற அன்று, வீட்டு சிலிண்டரில் சமாளித்துக்கொள்ளலாம் என்பார். ஒத்துக்கொள்ளாதீர்கள். உங்களுடையது 14.2 கிலோ, அவர்கள் தொழிலுக்கு உள்ளது 19 கிலோ. வீட்டு சிலிண்டரைத் தொழிலுக்கு எடுப்பது சட்டப்படியே தவறு. அது ஒருபுறம் இருக்கட்டும். பெரிய பர்னரை மாட்டி இழுத்தால் சிலிண்டர் வெளியே வியர்த்து உறைபனி பிடிக்கும், உள்ளே கேஸ் இருக்கும்போதே தீ இறங்கிவிடும். அண்டா பாதி வேக்காட்டில் நிற்கும். உங்கள் கொல்லையில் விறகு இருந்தால் அதுவே மேல்.

மீந்த சோற்றை அண்டாவோடு மூடி ராத்திரிக்கு வைக்காதீர்கள். வெதுவெதுப்பில்தான் கெடும், திரும்பச் சூடு பண்ணினாலும் கெட்டது சரியாகாது. தாம்பாளத்தில் பரப்பி ஆறவிட்டு, மறுநாளுக்குத் தண்ணீர் ஊற்றுங்கள்.

கடைசியாக ஒன்று. முதல் இலை போடுவதற்கு முன்பே, கடைசிப் பந்தியில் உட்காரப்போகிறவர்களுக்கு சோறு, சாம்பார், கூட்டு, வடை எல்லாவற்றையும் தனியாக எடுத்து மூடிவிடுங்கள். கல்யாணத்தில் சமையல்காரர்களாகிய நாங்கள் எங்களுக்கு இப்படித்தான் எடுத்துவைப்போம், வெளியே சொல்ல மாட்டோம். நடுவில் யாராவது, "அதில் கொஞ்சம் இருக்கே, எடுத்துப் போடு" என்பார்கள். அதனால் அந்தப் பாத்திரங்களைப் பூஜை அறையில் வைத்து, பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு மாமியாரை உட்காரச் சொல்லுங்கள்.