பழைய ராணுவத் துப்பாக்கிகள் வாங்கிய அனுபவத்தில் நீங்கள் கற்றுக்கொண்டது என்ன?

அமெரிக்காவில், ஒஹாயோவில் வசிக்கிறேன். 2011-லிருந்து இதுவரை நான்கு பழைய ராணுவ ரைபிள்கள் வாங்கியிருக்கிறேன். சட்டம் நாட்டுக்கு நாடு வேறு, நான் சொல்வது இங்கே பட்ட அனுபவம் மட்டும்.

முதலில் வாங்கியது ரஷ்ய மோசின்-நகாந்த் 91/30. அன்றைக்கு நூறு டாலர் சுமாருக்கே கிடைத்தது. மரக்கட்டை பளபளவென்று இருந்தது. போல்ட் (தோட்டாவை உள்ளே தள்ளிப் பின்பக்கத்தை மூடும் உருளை), மேகசின் எனும் தோட்டாப் பெட்டியின் அடித்தட்டு, கட்டையின் பின்தகடு எல்லாவற்றிலும் ஒரே வரிசை எண். "எண் எல்லாம் ஒத்துப்போகிறது, தொழிற்சாலையில் இருந்து வந்தபடியே இருக்கிறது" என்று கடைக்காரர் சொல்ல, இருபது டாலர் கூடக் கொடுத்து வாங்கிவிட்டேன். வீட்டில் விளக்கடியில் பார்த்தால், போல்டில் பழைய எண்ணைத் தேய்த்துவிட்டுப் புது எண்ணைக் குத்தியிருக்கிறார்கள். பேரலின் அடியில், குறுக்குக் கோடு போட்ட சின்னச் சதுர முத்திரை. போருக்குப் பிறகு சோவியத் கிடங்குகளில் இந்தத் துப்பாக்கிகளை மொத்தமாகக் கழற்றிச் செப்பனிட்டு, கைக்குக் கிடைத்த பாகத்தை மாட்டி, எண்ணையும் ஒன்றாக்கி வைத்தார்கள். அதற்கு அடையாளம் அந்த முத்திரை. துப்பாக்கியில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் ஒரே எண் என்பதற்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டியதே இல்லை.

நான் பார்த்திருக்க வேண்டியது பேரலின் உள்பக்கத்தை. போல்டைக் கழற்றிவிட்டு, பின்னால் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து, டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே கருப்பாக இருந்தால்கூடப் பரவாயில்லை, குண்டைச் சுழலவைக்கும் வரிப்பள்ளங்களின் விளிம்பு கூர்மையாகத் தெரிய வேண்டும். மருந்தில்லாத போலித் தோட்டா ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டு போய், அதன் முனையைத் துப்பாக்கி வாயில் விட்டும் பார்க்கலாம். பித்தளைக் கூடு வாயில் இடிக்கும் வரை உள்ளே போனால் வாய் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். மோசினில் மட்டும் இது ஏமாற்றும். தேய்ந்த வாயை அகலமாகக் குடைந்து சரிசெய்திருப்பார்கள், சற்று உள்ளே ஒரு படி மாதிரி தெரியும். அந்தப் படிக்கு அப்புறம் பள்ளங்கள் நன்றாக இருந்தால் தாராளமாக வாங்கலாம்.

அடுத்தது தோட்டா. தகர டப்பாவில் 440 தோட்டாக்கள், பழைய சோவியத் சரக்கு, மலிவு. ஒரு சனிக்கிழமை நாற்பது சுட்டேன். இருபதைத் தாண்டியதும் போல்ட் திறக்கவே மறுத்தது, உள்ளங்கையால் ஓங்கி அடித்துத்தான் திறந்தேன். கிடங்கில் பூசி வைத்த காஸ்மோலின் என்ற கெட்டி கிரீஸ் தோட்டா உட்காரும் அறையில் அப்படியே இருந்திருக்கிறது, சூடு ஏறியதும் பசையாகிவிட்டது. சரி என்று வீட்டுக்கு வந்து, பேரலில் எண்ணெய் விட்டுத் துணி ஓட்டி அலமாரியில் வைத்தேன். அடுத்த வாரம் வெள்ளைத் துணியை உள்ளே விட்டு இழுத்தால், செங்கல் பொடியைத் தேய்த்த மாதிரி வந்தது.

நான் நாகப்பட்டினத்துக்காரன். உப்புக் காற்று ஜன்னல் கம்பியை என்ன செய்யும் என்று பார்த்து வளர்ந்தவன். இங்கே நடந்ததும் அதேதான். அந்தக் காலத்துத் தோட்டாக்களின் பிரைமரில், அதாவது மருந்தைப் பற்றவைக்கும் அடிப்பகுதியில், பொட்டாசியம் குளோரேட் இருக்கும். வெடித்ததும் அது பொட்டாசியம் குளோரைடு ஆகிறது, அதாவது ஒரு வகை உப்பு. அது பேரலில் படிந்து காற்றின் ஈரத்தை இழுக்கும். எண்ணெயில் உப்பு கரையாது, தண்ணீரில்தான் கரையும். இப்போதெல்லாம் சுட்ட அன்றைக்கே கொதிக்கும் தண்ணீரைப் பின்பக்கமிருந்து புனல் வைத்து ஊற்றுகிறேன். போல்டின் முகத்தையும் கழுவுவேன். நன்றாகத் துடைத்துக் காயவைத்த பிறகுதான் எண்ணெய். காஸ்மோலினை எடுக்க மினரல் ஸ்பிரிட் என்ற கரைப்பானும் பித்தளை பிரஷும். போல்டைப் பிரித்து உள்ளேயும் சுத்தம் செய்யுங்கள். அங்கே கிரீஸ் தங்கினால் பிரைமரை இடிக்கும் ஊசி மெதுவாகப் போய், சில தோட்டா வெடிக்காது.

லீ-என்ஃபீல்ட் நம்பர் 4 என்ற பிரிட்டிஷ் ரைபிள் வாங்கியபோது முதலில் ஹெட்ஸ்பேஸ் பார்த்தேன். போல்ட் மூடிய நிலையில் தோட்டாவின் பின்னால் எவ்வளவு இடம் விடுகிறது என்பதுதான் அது. அதிகமானால் கூடு கிழிந்து, சூடான வாயு முகத்துக்கு வரலாம். போல்டை மாற்றிப் போட்ட துப்பாக்கிகளில் இது சகஜம். அளவிடும் கேஜ் இல்லையென்றால் துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுத்துப் பாருங்கள், அதற்கு முன் ஒரு தோட்டாகூடச் சுடாதீர்கள்.

1903 ஸ்பிரிங்ஃபீல்ட் என்ற அமெரிக்க ரைபிள் ஒன்றை ஆசையோடு கையில் எடுத்துவிட்டு, வரிசை எண்ணைப் பார்த்ததும் திருப்பி வைத்தேன். ஸ்பிரிங்ஃபீல்ட் ஆலையில் செய்ததில் 8,00,000-க்குக் கீழான எண் இருந்தால் சுடக் கூடாது. அந்தக் காலத்தில் காய்ச்சிய எஃகின் நிறத்தைத் தொழிலாளி கண்ணால் பார்த்தே சூட்டைக் கணித்தார். சூடு மீறிய எஃகு நொறுங்கும் தன்மை உடையதாகி, சில துப்பாக்கிகள் வெடித்தே போயின.

கடைசியாக வந்தது என் மனசுக்கு நெருக்கமானது: மேற்கு வங்கத்தின் இஷாப்பூரில் செய்த 2ஏ1 ரைபிள். பழைய .303 லீ-என்ஃபீல்டை மாற்றிக் குடைந்தது என்று கடைகளில் சொல்வார்கள், அது தவறு. 1962 சீனப் போருக்குப் பிறகு, 7.62 நேட்டோ தோட்டாவுக்காக இன்னும் உறுதியான எஃகில் புதிதாகவே செய்தார்கள். கட்டை முழுக்கக் கீறலும் அழுக்குமாக இருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வார்னிஷ் அடிக்கத் தயாராகிவிட்டேன். சுடுகளத்தில் எனக்குப் பழக்கமான எழுபது வயதுப் பெரியவர் உப்புத்தாளைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். மேகசினுக்கு முன்னால் கட்டையை ஊடுருவிப் போகும் திருகைக் காட்டினார். மரம் பிளக்காமல் இருக்க இந்தியாவில் சேர்த்தது அது. பக்கத்திலேயே மங்கலாக ஒரு முத்திரை. தேய்த்திருந்தால் போயிருக்கும்.

துணியில் ஆளி விதை எண்ணெய் தொட்டு மூன்று நாள் துடைத்தேன். அழுக்கு கழன்று கட்டையின் கழுத்தில் உள்ள உலோகப் பட்டையில் எழுத்து தெரிந்தது: ஆர்எஃப்ஐ, அதாவது ரைபிள் ஃபேக்டரி இஷாப்பூர், அதன் கீழே 1967. அம்மாவுக்குப் படம் எடுத்து அனுப்பினேன்.