பதில்: மாங்கூழ் ஆலையில் தொலைபேசி பில் இரட்டிப்பு

கிருஷ்ணகிரி ஆலையில் 60 எக்ஸ்டென்ஷன்கள், ஜூன் பில் பிப்ரவரியைப் போல் இரண்டு மடங்கு, இரவுக் காவலாளி மீது சந்தேகம் என்று எழுதியிருந்தீர்கள். பிப்ரவரியோடு ஒப்பிடுவதே தவறு. பழம் வரும் காலத்தில் கொள்முதல் பிரிவு பேசாமல் வேறு யார் பேசுவார்கள்? சென்ற ஆண்டு ஜூன் மாதப் பதிவை எடுங்கள்.

இபிஏபிஎக்ஸ் (ஆலையின் எக்ஸ்டென்ஷன்களை வெளி லைன்களோடு இணைக்கும் கருவி) பதிவில் எக்ஸ்டென்ஷன், அழைத்த எண், தொடங்கிய நேரம், நீடித்த விநாடிகள் இருக்கும். எக்ஸெல்லில் ஏற்றி, எக்ஸ்டென்ஷன்வாரியாகக் கூட்டுங்கள். சராசரியை நம்ப வேண்டாம். ஒருவர் 40 மணி நேரம் பேசினால் அதுவே சராசரியை உயர்த்திவிடும். அந்தந்தப் பிரிவின் இடைநிலை அளவோடு, அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்ணோடு, ஒப்பிடுங்கள்.

நானாக இருந்தால் நேரத்தைத்தான் முதலில் பார்ப்பேன். நள்ளிரவிலும் ஞாயிறன்றும் 00 என்று தொடங்கும் வெளிநாட்டு எண்களுக்கு நீண்ட அழைப்புகள் போயிருந்தால், அது பெரும்பாலும் ஊழியர் வேலை அல்ல. குரல் அஞ்சலுக்கு 1234 என்றே கடவுச்சொல்லை விட்டுவைத்தால், வெளியாள் நுழைந்து உங்கள் லைன் வழியாகக் கட்டணம் கூடிய எண்களை அழைக்கலாம். அந்தக் கட்டணத்தில் அவருக்குப் பங்கு கிடைக்கும். இன்றே ஐஎஸ்டி எனும் வெளிநாட்டு அழைப்பு வசதியை முடக்கி, கடவுச்சொற்களை மாற்றுங்கள். தொலைபேசி நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள்.

காவலாளியைக் கூப்பிட்டு விசாரிப்பதற்கு முன் ஒன்றைப் பாருங்கள்: ஒரே எக்ஸ்டென்ஷனில் ஒரே நேரத்தில் மூன்று அழைப்புகள் ஓடியிருக்கின்றனவா? அந்த மனிதருக்கு ஒரு வாய்தானே இருக்கிறது!