எனக்கு எந்தக் குறைபாடும் இல்லை. ஆபீசில் மாற்றுத்திறனாளிகள் குழுவுக்கு 'ஆதரவாளராக' வரச் சொல்கிறார்கள். சேர்ந்தால் யாருக்காவது பயன் உண்டா?

உண்டு, சேருங்கள். அப்படிச் சேர்ந்த ஒருவரால் எனக்குப் பயன் கிடைத்ததால்தான் இந்தப் பதிலை எழுதுகிறேன்.

எனக்கு இரண்டு காதும் மந்தம். வேலைக்கு வந்த பிறகு வந்த குறை. கருவி மாட்டியிருக்கிறேன்; எதிரே உட்கார்ந்து ஒருவர் பேசினால் சமாளித்துவிடுவேன். எட்டுப் பேர் சேர்ந்து பேசும் மீட்டிங்கில் முடியாது. சென்னை ஐடி மீட்டிங் எப்படிப் போகும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். கிளையண்ட் இருக்கும்வரை ஆங்கிலம், அவர் போனதும் தமிழ். முக்கியமான முடிவெல்லாம் அந்தத் தமிழில்தான் எடுப்பார்கள். பேச்சை எழுத்தாக்கித் திரையில் ஓடவிடும் கேப்ஷனோ ஆங்கிலத்துக்கு வைத்தது. "அப்புறம் பாத்துக்கலாம்" என்று யாராவது சொன்னால், "எ பிராப்ளம் பார்ட்டி கலர்" என்கிற மாதிரி ஏதாவது வந்து விழும். எல்லோரும் சிரிப்பார்கள். என்னவென்று கேட்டால், "ஒண்ணுமில்லக்கா, சும்மா" என்பார்கள். அந்த "ஒண்ணுமில்ல" எவ்வளவு வலிக்கும் என்பது காது கேட்பவர்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை.

எங்கள் டெஸ்டிங் டீமில் இருந்த ஒரு தம்பி அந்தக் குழுவில் சேர்ந்தான். மேடையேறிப் பேசவில்லை, மாற்றுத்திறனாளிகள் தினமான டிசம்பர் 3 அன்று பேட்ஜ் குத்திக்கொண்டு போட்டோ போடவும் இல்லை. மீட்டிங்கில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால், "ஒருத்தர் முடிச்சதும் அடுத்தவங்க பேசுங்க" என்பான். பேச்சு தமிழுக்கு மாறினால் முடிவை மட்டும் சாட்டில் ஒரு வரி தட்டிவிடுவான்: "ரிலீஸ் வெள்ளி இல்லை, திங்கள்." அவ்வளவுதான். கொஞ்ச நாளில் மற்றவர்களும் அப்படியே செய்ய ஆரம்பித்தார்கள்.

"உங்கள் தேவையை நீங்களே கேட்க வேண்டியதுதானே, இதற்கு ஏன் இன்னொருவர்?" என்று சிலர் வருவீர்கள். கேட்டிருக்கிறேன். முன்பு இருந்த கம்பெனியில் விடாமல் கேட்டதற்கு, அப்ரைசலில் "கம்யூனிகேஷன் போதவில்லை" என்று எழுதினார்கள். நான் கேட்டால் அது சலுகை. அவன் கேட்டபோது மீட்டிங் ஒழுங்கு ஆனது. இது நியாயம் என்று நான் சொல்லவில்லை, நடப்பு இதுதான்.

இந்தக் குழுக்கள் எச்.ஆர். நடத்தும் விழா என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இவற்றுக்கு முன்னோடி, அமெரிக்காவின் ஜெராக்ஸ் கம்பெனியில் கறுப்பின ஊழியர்கள் 1970 வாக்கில் தாங்களே கூடி அமைத்த குழுக்கள். 1964இல் ஜெராக்ஸின் சொந்த ஊரான ரோசெஸ்டரில் இனக் கலவரம் நடந்த பிறகு கம்பெனித் தலைவர் ஜோசப் வில்சன் கறுப்பினத்தவரை வேலைக்கு எடுக்கச் சொன்னார். உள்ளே வந்தபின் அவர்கள் கேட்டது பதவி உயர்விலும் வாய்ப்பிலும் நியாயம். உங்கள் குழுவும் அதைக் கேட்கிறதா என்று பாருங்கள்.

கேட்பதற்குச் சட்டமும் இருக்கிறது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி தனியார் நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கையை எழுதி வெளியிட வேண்டும். 20 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடமாக இருந்தால், மாற்றுத்திறனாளிகளுக்கு என்னென்ன வசதி உண்டு என்பதை அந்தக் கொள்கையிலேயே சொல்லி, இதைக் கவனிக்கத் தொடர்பு அலுவலர் ஒருவரையும் நியமிக்க வேண்டும்.



முதல் கூட்டத்திலேயே இரண்டு கேள்வி கேளுங்கள்: நம் கொள்கை எங்கே இருக்கிறது, தொடர்பு அலுவலர் யார்? உங்கள் டீமில் காது கேளாதவர் யாராவது இருந்தால், மீட்டிங்கை எப்படி நடத்தினால் வசதி என்று அவரிடமே தனியாகக் கேட்டுவிடுங்கள். எனக்குச் சாட்டில் ஒரு வரி போதும், அவருக்குச் சைகைமொழி பெயர்ப்பாளர் தேவைப்படலாம்.