தாத்தாவின் பழைய ஜீப்பை வந்தபடியே மீட்பதா, மாற்றிக் கட்டுவதா?

கேள்வி இது: தாத்தா ஓட்டிய 1960களின் சிஜே 3பி ஜீப் ஷெட்டில் கிடக்கிறது, அதைப் பழைய நிலைக்கே கொண்டுவருவதா, இல்லை டீசல் எஞ்சின், பெரிய டயர், பவர் ஸ்டீயரிங் என்று மாற்றிக் கட்டுவதா?

ஷெட்டில் கிடக்கிறது என்றால் டயரெல்லாம் வெடித்து, சீட்டுக்கடியில் எலி குடியிருந்து, வீட்டில் யாராவது "எடைக்குப் போட்டுவிடு" என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள். போட்டுவிடாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

முதலில் பானெட்டைத் திறந்து, உள்ளே இருப்பது கம்பெனியில் வந்த பெட்ரோல் எஞ்சினா என்று பாருங்கள். பெட்ரோல்தான் என்றால் அதைக் கழற்ற வேண்டாம். அந்த எஞ்சினுக்காகத்தான் அந்த வண்டியின் முகமே அப்படி இருக்கிறது. இரண்டாம் உலக யுத்தகால ஜீப்பில் இருந்த 'கோ டெவில்' எஞ்சினில் வால்வுகள் எல்லாம் பிளாக்கிலேயே இருந்தன. பின்னால் வந்த 'ஹரிக்கேன்' எஞ்சினில் காற்றும் பெட்ரோலும் உள்ளே போகும் இன்டேக் வால்வை, பிளாக்குக்கு மேலே உட்காரும் ஹெட்டுக்கு ஏற்றினார்கள். 60 குதிரைசக்தி 70ஐத் தாண்டியது, எஞ்சினும் உயரமாகிவிட்டது. பழைய பானெட்டுக்குள் அடங்கவில்லை. பானெட்டையும் கிரில்லையும் உயர்த்தி 1953இல் கொண்டுவந்ததுதான் சிஜே 3பி. அமெரிக்காவில் 1968இல் அதை நிறுத்திவிட்டார்கள். ஜப்பானில் மிட்சுபிஷி 1998 வரை அந்த வம்சத்தை விடவில்லை. நம் நாட்டில் மகிந்திரா அதே தூக்கிய மூக்கோடு பல பத்தாண்டுகள் ஜீப் செய்தது. அதனால் பாடி தேடினால் கிடைக்கும். நல்லபடியாக ஓடும் ஹரிக்கேன் எஞ்சின் கிடைப்பதுதான் கஷ்டம், ஏனென்றால் பெரும்பாலானவர்கள் டீசலுக்கு மாறிவிட்டார்கள்.

அப்படி எப்போதோ டீசலுக்கு மாறிய வண்டி என்றால், அந்த டீசலையும் கழற்றாதீர்கள். இதைச் சொன்னால் அசல் பிரியர்கள் சண்டைக்கு வருவார்கள், தெரியும். அவர்களுக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதில்.

எங்களுக்குப் போடி பக்கம். அப்பா ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப் ஓட்டியவர். விடியும் முன்னே முந்தல் தாண்டி, 17 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போடிமெட்டு, அங்கிருந்து பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கம் ஏதாவது ஒரு தோட்டம். தார் ரோடு முடிந்த பிறகுதான் ஜீப்புக்கு வேலையே. மேட்டில் லிட்டருக்கு ஆறேழு கிலோமீட்டர்தான் பெட்ரோல் கொடுக்கும். 1980களில் விலை ஏற ஏற, ஆளுக்கு வாங்கும் காசு பெட்ரோலுக்கே சரியாகப் போனது.

கம்பத்தில் லேத் பட்டறை வைத்திருந்த பாய் ஒருவர்தான் வழி சொன்னார். கழித்துப்போட்ட இன்டர்நேஷனல் பி-275 டிராக்டரின் எஞ்சினை ஏற்றலாம் என்றார். ஏதோ குருட்டு யோசனை என்று நினைக்க வேண்டாம். மகிந்திராவே அந்த எஞ்சினைப் போட்டு சிஜே 500டி என்று டீசல் ஜீப் விற்றது. அதை வாங்க வசதியில்லாதவர்கள் பட்டறையில் செய்துகொண்டார்கள்.

எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் உட்காரும் அடாப்டர் பிளேட்டை பாய் தன் கையாலேயே செய்தார். தடித்த இரும்புத் தகட்டை வட்டமாகக் கடைந்து, ஒரு பக்கம் டிராக்டர் எஞ்சினுக்கான போல்ட் ஓட்டை, மறுபக்கம் ஜீப் கியர்பாக்ஸுக்கான ஓட்டை. மையம் கொஞ்சம் பிசகினாலும் கியர்பாக்ஸ் இன்புட் பேரிங் கத்த ஆரம்பித்துவிடும், கிளட்சும் நிலைக்காது. கிளட்ச் வேலைக்காக கியர்பாக்ஸை இறக்கும்போதெல்லாம் அந்தத் தகட்டைத் துடைத்துப் பார்ப்பேன். விளிம்பில் அவர் சென்டர் பஞ்ச் வைத்துக் குறித்த புள்ளிகள் இன்னும் தெரிகின்றன. ஒரு ஓட்டை இடம் தள்ளி விழுந்திருக்கிறது. அதை வெல்டிங் வைத்து அடைத்து, அரம் போட்டுச் சமன் செய்து, பக்கத்திலேயே வேறு ஓட்டை போட்டிருக்கிறார். பேரிங் இன்றுவரை சத்தம் போடவில்லை.

டிராக்டர் எஞ்சின் கனம் என்பதால் முன்பக்கக் கமான் பட்டையில் கூடுதலாக ஒரு பட்டை சேர்த்தார்கள். பின்னால் பாடியை நீட்டி, நீளவாக்கில் இரண்டு பெஞ்சு, ஏறிக்கொள்ளப் படி, பைப்பை வளைத்துத் தார்ப்பாய். பின்னால் ஆள் நிறைந்தால் மேட்டில் முன்சக்கரம் லேசாகி ஸ்டீயரிங் பிடி கொடுக்காது. அந்தக் கனத்த எஞ்சின்தான் முன்சக்கரத்தை மண்ணில் அழுத்தி வைத்தது. ஆக்சிலுக்குள் வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் பல்சக்கரமான க்ரௌன் பினியனை மட்டும் அப்பா தொடவிடவில்லை. கம்பெனியில் வந்த 5.38 விகிதம் அப்படியே இருந்தது. டிராக்டர் எஞ்சின் வேகமாகச் சுற்றாது, ஆகவே சமதளத்தில் வண்டி ஊர்ந்துதான் போகும். "அவசரக்காரன் பஸ்ஸில் போகட்டும்" என்பார். ஆனால் லோ கியரில் போட்டுக் கிளட்சை விட்டால், ஆக்ஸிலேட்டரைத் தொடாமலே பாறைப்படி ஏறும். காய் எடுக்கப் போகும் பெண்கள் இருபது பேர் உயிர் அந்த வேலைப்பாட்டை நம்பித்தான் மேலே போய் வந்தது.

இந்த வண்டியைத்தான் ஒரு பழைய வாகனக் கண்காட்சியில் வரிசையில் நிறுத்தவிடவில்லை. பானெட்டைத் தூக்கிப் பார்த்தவர் "டிராக்டர் எஞ்சினைப் போட்டுக் கெடுத்துவிட்டார்கள்" என்றார். பக்கத்திலேயே, வெள்ளை நட்சத்திரம் வரைந்து, ஜெர்ரி கேன் மாட்டி, அமெரிக்கப் பட்டாளத்து வண்டி வேஷத்தில் நின்ற மகிந்திராவுக்கு இடம் இருந்தது. அந்த வண்டி எந்த யுத்தத்தையும் பார்த்ததில்லை. எங்கள் வண்டியின் ஒவ்வொரு வெல்டிங்குக்கும் ஒரு காரணம் இருக்கிறது. எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஜீப் என்பதே மாற்றிக் கட்டப்பட்டு வளர்ந்த வண்டி. யுத்தத்திலேயே அதில் ஸ்ட்ரெச்சர் கட்டினார்கள், ரயில் சக்கரம் மாட்டித் தண்டவாளத்தில் ஓட்டினார்கள். யுத்தம் முடிந்து 1945இல் விவசாயிகளுக்கென்று ஜீப் கம்பெனியான வில்லிஸ் கொண்டுவந்த சிஜே 2ஏ-வில் பின்கதவும், வயல் கருவிகளை ஓட்டும் பவர் டேக் ஆஃப் வசதியும் சேர்ந்தன. அதெல்லாம் பாரம்பரியம், கம்பத்து லேத்தில் நடந்தது மட்டும் கெடுத்தல் என்றால் எப்படி ஒப்புக்கொள்வது?

அப்படியானால் பெரிய டயரும் பாரம்பரியம்தானே என்று யாராவது மடக்கலாம். ஆசைக்கு மாற்றுவது தவறென்று நான் சொல்லவில்லை, அவரவர் வண்டி, அவரவர் காசு. ஆனால் சிஜே 3பி-க்கு வந்தது 6.00-16 டயர், 9 அங்குல டிரம் பிரேக். அதில் 35 அங்குல டயரை மாட்டினால் பிரேக் பிடிக்காது, ஆக்சில் ஷாஃப்டும் தாங்காது. அதைத் தாங்க ஆக்சில், அப்புறம் பிரேக், அப்புறம் ஸ்டீயரிங் என்று போனால் கடைசியில் தாத்தா வண்டியில் மிஞ்சுவது நம்பர் பிளேட்தான்.

சட்டமும் இருக்கிறது. நான் வக்கீல் இல்லை, விசாரித்துக்கொள்ளுங்கள். கம்பெனி விவரக்குறிப்பிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. எஞ்சின் மாற்றுவதென்றால் பதிவு அலுவலகத்தில் முன்கூட்டியே அனுமதி வாங்கி, ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். அப்பா அந்தக் காலத்திலேயே 'டீசல்' என்று ஏற்றிவைத்தார், அதனால் பிழைத்தோம். 2021இல் வந்த விண்டேஜ் விதிப்படி 50 வருஷம் தாண்டிய வண்டிக்கு 'விஏ' எழுத்துள்ள தனிப் பதிவு உண்டு, புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய். ஆனால் சேஸிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது, தினசரி ஓட்டவும் முடியாது. உங்கள் வண்டியில் பெட்ரோல் எஞ்சின் அப்படியே இருந்தால் இந்த வழி உங்களுக்குத் திறந்திருக்கிறது. எங்களுக்கு இல்லை.

பழைய ஜீப்பைப் புதிதாகக் கட்டித்தரும் ஹரியானாவின் மண்டி டப்வாலிக்கு அனுப்பு என்றும் யாராவது சொல்வார்கள். அங்கே தகடு வேலை கைதேர்ந்த வேலை, மறுக்கவில்லை. ஆனால் பாடியே புதிதாக அடித்துத் தந்துவிடுவார்கள். துரு ஏறிய தாத்தா பாடி திரும்பி வராது. எங்கே அனுப்பினாலும், அனுப்பும் முன் சேஸிஸ் நம்பரைப் பென்சிலால் தேய்த்து அச்செடுத்து ஆர்.சி.யோடு ஒப்பிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். வண்டியைச் சரிசெய்து தெருவில் நிறுத்தியதும் கல்யாண போட்டோக்காரர்கள் வருவார்கள். "அண்ணே, அரை மணி நேரம்தான்" என்பார்கள். மணப்பெண்ணை ஹீல்ஸோடு பானெட்டில் ஏற்றி நிற்கவைப்பார்கள். எங்கள் வண்டி பானெட்டில் அந்தப் பள்ளம் இன்னும் இருக்கிறது. உழைத்த வண்டியை இப்படி மேடையாக மட்டும் பார்ப்பது எனக்குப் பொறுக்கவில்லை. இப்போது யார் கேட்டாலும் முடியாது என்றுதான் சொல்கிறேன்.

சரி, உங்கள் வண்டிக்கு வருவோம். கழற்றும் எதையும் விற்காதீர்கள், கார்புரேட்டரோ பழைய ஹெட்லைட் வளையமோ, துணியில் சுற்றிப் பெயர் எழுதி வையுங்கள். முதல் செலவு பிரேக்குக்கு. மாஸ்டர் சிலிண்டர், நான்கு வீல் சிலிண்டர், பைப் எல்லாம் புதிது போடுங்கள். ஹேண்ட் பிரேக் டிரம் சக்கரத்தில் இருக்காது, முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் சக்தியைப் பிரித்துக்கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னால் இருக்கும். இத்தனை வருஷம் நின்ற வண்டியில் அங்கே ஆயில் கசிந்து லைனிங் ஊறியிருக்கும், சீலையும் மாற்றச் சொல்லுங்கள். பிரேக் மிதித்தால் வண்டி நிற்கும் என்று உறுதியான பிறகு எஞ்சினைக் கிளப்புங்கள்.