தண்ணீர்க்காரரிடம் பேசுவது யார்?

கேள்வி: நாங்கள் ஊழியத்துக்காக மெக்சிகோவில் வஹாக்கா நகரத்துக்கு வந்து ஒன்றே முக்கால் வருஷம் ஆகிறது. வீட்டுக்காரர் வாரத்தில் நாலு நாள் மலைக் கிராமங்களுக்குப் போய்விடுகிறார். எனக்குத் தண்ணீர் கேன் வாங்குவது, கேஸ் வண்டிக்குக் காத்திருப்பது, சமையல், துணி என்று பொழுது போகிறது. தண்ணீர்க்காரரிடமும் கடையிலும் பள்ளிக்கூடத்திலும் ஒன்பது வயது மகள்தான் எனக்காகப் பேசுகிறாள். அவளும் தம்பியும் தங்களுக்குள் ஸ்பானிஷ்தான் பேசிக்கொள்கிறார்கள். ஊருக்கு மாதாமாதம் அனுப்பும் ஜெபக் கடிதத்தில் என்னைப் பற்றி எழுத ஒரு வரி இல்லை. 'நீ எதுக்கு அங்க?' என்று அத்தை போனில் கேட்டுவிட்டார்கள். ஊருக்குத் திரும்பிவிடலாம் என்று நினைப்பது பாவமா? இங்கே இட்லி மாவுகூடப் புளிக்க மாட்டேன் என்கிறது.
– பெயர் வேண்டாம், வஹாக்கா

அன்புத் தங்கைக்கு,

பாவம் இல்லை. அந்த நாட்டில் நானும் பதினோரு வருஷம் இருந்தவள். மூன்றாவது வருஷத்தில் இரண்டு தரம் பெட்டி கட்டினேன். பெட்டியைத் திரும்ப அவிழ்த்ததற்குப் பெரிய பக்தி ஒன்றும் காரணமில்லை. பிள்ளைகளுக்குப் பரீட்சை வந்துவிட்டது, அவ்வளவுதான்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது பாவத்தைப் பற்றின கேள்வி இல்லை. போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போன அந்த வாக்கியம்: 'மகள்தான் எனக்காகப் பேசுகிறாள்.' அதை நீங்கள் குறையாகக்கூடச் சொல்லவில்லை.

என் மகனுக்கு அப்போது எட்டு வயது. எனக்கு உடம்புக்கு முடியாமல் மருந்துக்கடையை ஒட்டிய சின்ன டாக்டர் அறைக்கு அவனைக் கூட்டிப் போனேன். எனக்கு இருந்தது பெண்கள் விஷயம். 'என்ன செய்கிறது?' என்று டாக்டரம்மா கேட்க, அவன் என் முகத்தைப் பார்த்தான். அவனிடம் அதை எப்படிச் சொல்வேன்? 'வயிற்றுவலி' என்றேன், அவனும் அப்படியே சொன்னான். வயிற்றுவலி மாத்திரையை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். வழி முழுக்க அவன் என் கையை விடவில்லை. அம்மா எதையோ மறைக்கிறாள், தனக்குச் சரியாகப் பேசத் தெரியாததால்தான் மறைக்கிறாள் என்று நினைத்திருக்கிறான். இதை அவன் சொன்னது பத்து வருஷம் கழித்து. உங்கள் மகளை அந்த நாற்காலியிலிருந்து சீக்கிரம் எழுப்பிவிடுங்கள்.

நாளைக்கே தொடங்கலாம். மெக்சிகோவில் பாதி வியாபாரம் வாசலுக்கு வருகிறது என்பது உங்களுக்கே தெரியும். 'ஆ...குவா!' என்று இழுத்துக் கூவிக்கொண்டு தண்ணீர்க்காரர் வருவார், தோளில் 20 லிட்டர் கேன், கர்ரஃபோன் என்பார்கள். இருட்டினால் சர்க்கரைவள்ளிக்கிழங்கு வண்டி நீராவி விசிலோடு வரும். பழைய மெத்தை, பழைய இரும்பு வாங்குகிற வேனில் ஒரு சின்னப் பெண்ணின் குரலைப் பதிவு செய்து ஓடவிடுவார்கள். எனக்கு அதைக் கேட்கும்போதெல்லாம் நம் தெருவில் பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் விற்றவர்தான் ஞாபகத்துக்கு வருவார். இவர்கள் யாரும் இலக்கணம் பார்ப்பதில்லை. தண்ணீர் வண்டி வரும்போது மகளை உள்ளே உட்காரச் சொல்லுங்கள். 'தோஸ்' என்று இரண்டு விரலைக் காட்டி நீங்களே இரண்டு கேன் வாங்குங்கள்.

அடுத்தது தொர்த்தியா என்கிற சோள ரொட்டிக் கடை. அங்கே மதியச் சாப்பாடு இரண்டு மணிக்கு மேல்தானே? ஒன்றரை மணிக்குக் கடையில் வரிசை நிற்கும். ரொட்டியைச் சுற்றிக்கொள்ளக் கையில் துணியோடு போய் அந்த வரிசையின் வாலில் நில்லுங்கள். போனதும் எல்லாருக்கும் பொதுவாக 'புவேனாஸ் தார்தெஸ்' என்று மதிய வணக்கம் சொல்ல வேண்டும். வாயைத் திறக்காமல் போய் நின்றால் மரியாதை தெரியாதவள் என்று நினைப்பார்கள். நான் எட்டு மாதம் அப்படித்தான் நின்றிருக்கிறேன். எதிராளி சொன்னது புரியாவிட்டால் 'மாந்தே?' என்று கேளுங்கள், அதுதான் பணிவு. சாப்பிட்டுக்கொண்டிருப்பவரைக் கடந்து போனால் 'ப்ரொவேச்சோ', நன்றாகச் சாப்பிடுங்கள், என்று ஒரு வார்த்தை. பெரியவர்களிடம் 'ஊஸ்தெத்', சிறியவர்களிடம் 'தூ'. இங்கிலீஷ்காரர்கள் தடுமாறும் இடம் இது. நீங்கள், நீ என்று பேசி வளர்ந்த நமக்கு ஒரே நாளில் வந்துவிடும். தினமும் அதே கடைக்கு, அதே நேரத்துக்கு, தனியாகப் போங்கள். ஒரு மாதத்தில் முகம் பழகிவிடும்.

எனக்கு அந்த வரிசையில் கிடைத்தவர் ஒரு பாட்டி. நான் 'அரைக் கிலோ' கேட்ட விதத்தைத் திருத்தினார், பிறகு வீட்டுக்குக் கூப்பிட்டார். அடுக்களையில் மூன்று கால் வைத்த சரிவான கல், மேலே குழவி. மெத்தாத்தே என்றார். நான் 'அம்மி!' என்று தமிழில் கத்தியேவிட்டேன். சுண்ணாம்பு போட்டு வேகவைத்த சோளத்தை அவர் முழங்காலில் இருந்து அரைக்க, நான் சம்மணம் போட்டு உட்கார்ந்து அரைக்கப் பார்த்து மாவெல்லாம் மடியில். அவர் சிரித்த சிரிப்பு அடுத்த வீட்டுக்குக் கேட்டிருக்கும். மிளகாய் எங்கள் ஊர்க்காரர்கள் கண்டுபிடித்தது என்று நான் பீற்றிக்கொண்டதும் அன்றைக்குத்தான். மிளகாய் அவர்கள் நாட்டிலிருந்து கப்பலேறி நம்மிடம் வந்ததாம்! அந்தப் பாட்டி சாகும்வரை எனக்கு அம்மா ஸ்தானத்தில் இருந்தார்.

இனி உங்கள் வீட்டுக்காரருக்கு. இந்தப் பத்தியை அவரிடம் நீட்டுங்கள். தம்பி, வாரத்தில் இரண்டு காலை நீங்கள் வீட்டில் இருங்கள். சோறு வடிப்பது, கேஸ் வண்டியைப் பிடிப்பது உங்கள் பாடு. அந்த நேரம் உங்கள் மனைவி ஸ்பானிஷ் வகுப்பில் இருப்பார். அனுப்பின சங்கம் கணவனுக்கு மட்டும் மொழிப் பயிற்சிக்குப் பணம் கொடுத்து, மனைவி தானாகக் கற்றுக்கொள்வாள் என்று விட்டுவிடுவது பழைய வழக்கம். எனக்கு அதில் இன்றுவரை கோபம்தான். நீங்கள் போகிற மலையில் பல வீடுகளில் ஸ்பானிஷே இரண்டாம் மொழி, முதல் மொழி ஸாப்போத்தெக்கோ, மிஸ்தெக்கோ போன்ற பழங்குடி மொழி என்பதும் உங்களுக்குத் தெரியும். அங்கே பெண்களோடு உட்கார்ந்து பேச நீங்கள் போக முடியாது, உங்கள் மனைவி போகலாம்.

ஜெபக் கடிதத்துக்கு வருகிறேன். எத்தனை பேர் ஞானஸ்நானம் எடுத்தார்கள் என்ற எண்ணிக்கையைக் கொஞ்ச நாள் நிறுத்தி வையுங்கள். கிராமத்தின் பெயரும் படமும் அறவே வேண்டாம். வஹாக்கா மாநிலத்தில் 570 நகராட்சிகள், அதில் 400க்கு மேல் ஊர் வழக்கப்படி நடப்பவை. திருவிழா வரி, தெக்கியோ என்கிற ஊர்வேலை எல்லாவற்றிலும் எல்லாரும் சேர வேண்டும். மதம் மாறினவர் விழாவுக்குப் பணம் தர மறுத்தால் தண்ணீரை நிறுத்திவிடுகிற ஊர்கள் உண்டு, ஊரைவிட்டே துரத்தினதும் உண்டு. நம் திருவிழா வரிச் சண்டைகளைப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. இங்கே நாம் போடுகிற படம் அங்கே ஒருவர் வீட்டுக் குழாயை அடைக்கக் கூடாது.

அதற்குப் பதிலாக அம்மியைப் பற்றி எழுதுங்கள். நவம்பர் 2 வரும்போது நம் ஊரில் கல்லறைத் திருநாள், உங்கள் தெருவிலோ வீட்டுக்கு வீடு இறந்தவர்களின் படத்துக்கு முன் படையல், பூ, மெழுகுவர்த்தி. அந்தப் பூ, செம்பசூச்சில் என்கிறார்களே, அது நம் செண்டுமல்லி. அதுவும் அங்கிருந்து வந்ததுதான். அண்டை வீட்டார் கூப்பிட்டால் போங்கள். படையலுக்கு முன் நீங்கள் மண்டியிட வேண்டாம், யாரும் கட்டாயப்படுத்தவும் மாட்டார்கள். ரொட்டி ஒன்று வாங்கிக்கொண்டு போய், அந்தப் படத்தில் இருப்பவர் யார் என்று கேட்டு உட்காருங்கள். 'போகலாமா?' என்று சபையில் சிலர் முகம் சுளிப்பார்கள். நான் போனேன். பதினோரு வருஷத்தில் என்னிடம் மனம் விட்டுப் பேசினவர்களில் பாதிப் பேர் அந்த ராத்திரிகளில்தான் பேசினார்கள்.

பிள்ளைகள் ஸ்பானிஷ் பேசுவதைத் தடுக்காதீர்கள், தோற்றுப்போவீர்கள். தமிழுக்கு வேறு ஆள் இருக்கிறார்: உங்கள் அத்தை, பிள்ளைகளுக்கு ஆச்சி. மெக்சிகோவில் பெரும்பாலான இடங்களில் 2022-இல் கோடைக்கால நேரமாற்றத்தை எடுத்துவிட்டார்கள், அதனால் வருஷம் முழுக்க உங்களுக்கும் ஊருக்கும் பதினொன்றரை மணி நேரம். சனிக்கிழமை காலை 7 மணிக்கு நீங்கள் கூப்பிட்டால் அங்கே மாலை 6.30, சீரியல் தொடங்குவதற்கு முன்னால். போனைப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். ஆச்சிக்கு ஸ்பானிஷ் தெரியாது, தமிழில் சொன்னால்தான் கதை நடக்கும். 'நீ எதுக்கு அங்க?' என்று அத்தை மறுபடி கேட்டால் இப்போதைக்குப் பதில் சொல்ல வேண்டாம். அவர்களுக்கும் பேரப்பிள்ளைகளைப் பார்க்காத ஏக்கம்தான், வேறு வார்த்தையில் வருகிறது.

திரும்புவதா என்பதை இந்த மாதம் முடிவு செய்யாதீர்கள். பள்ளிக்கூடம் ஜூலையில்தான் முடியும், அதுவரை தவணை. அதற்குள் டாக்டரிடம் நீங்களே போய் நீங்களே பேசியிருந்து, அப்போதும் ஊர்தான் வேண்டும் என்று தோன்றினால் தைரியமாகத் திரும்புங்கள். உங்கள் சங்கத்துக்கு நானே கடிதம் எழுதுகிறேன்.

மாவு விஷயம். வஹாக்கா கிட்டத்தட்ட 1,550 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, டிசம்பர் ஜனவரி ராத்திரியில் நன்றாகக் குளிரும். குழாய்த் தண்ணீர் வேண்டாம், கேன் தண்ணீரில் அரையுங்கள். உப்பைக் கையாலேயே கரைத்து, பாத்திரத்தை ஐஸ் போடாத காலித் தெர்மோகோல் பெட்டிக்குள் வைத்து, பக்கத்தில் வெந்நீர் பாட்டில் ஒன்றை வைத்து மூடுங்கள். விடியற்காலையில் எழுந்தால் பாட்டிலில் வெந்நீரை மாற்றிவிடுங்கள். அப்படியும் பொங்காவிட்டால் கோமாலைக் காயவைத்துத் தோசையாக ஊற்றிவிடுங்கள். தொர்த்தியா சுடுகிற இரும்புக் கோமால் நம் தோசைக்கல்லுக்குக் கூடப்பிறந்த தம்பி. எண்ணெய் பழக்கிய பழைய கல்லாகப் பார்த்துச் சந்தையில் வாங்குங்கள், விலையை நீங்களே பேசி.