ரீட்பேக் தவறு ஏன் காதில் விழுவதில்லை?

கேள்வி: விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் பயிற்சியில் இருக்கிறேன். சிமுலேட்டரில் ஒரு விமானத்துக்கு 'ஃப்ளைட் லெவல் ஒன் ஒன் ஜீரோ' (லெவல் 110, அதாவது சுமார் 11,000 அடி உயரம்) கொடுத்தேன். விமானி அதை 'ஒன் ஜீரோ ஜீரோ' என்று ரீட்பேக் செய்தார், அதாவது திருப்பிச் சொன்னார். நான் கவனிக்கவே இல்லை. பதிவைப் போட்டால் தெளிவாகக் கேட்கிறது. எப்படித் திருத்திக்கொள்வது?

பதில்: உங்கள் காதில் குறை இல்லை. எண்ணைச் சொன்னவர் நீங்கள். அதே எண்தான் திரும்பி வரும் என்று மனம் முன்பே முடிவு கட்டிவிடுகிறது. வேறு எண் வந்தாலும் எதிர்பார்த்ததே கேட்கிறது. பல ஆண்டு அனுபவம் உள்ளவர்களுக்கும் இது நேரும். 'இன்னும் கவனமாக இரு' என்பதால் தீராது, கைப்பழக்கத்தால்தான் தீரும். லெவல் என்பது நூறு அடிக் கணக்கு, எனவே 110-க்கும் 100-க்கும் இடைவெளி 1000 அடி. மேலும் கீழுமாகப் பறக்கும் இரண்டு விமானங்களுக்கு நடுவே நாம் வைக்கும் செங்குத்துப் பிரிப்பு முழுவதும் அவ்வளவுதான்.

லெவலைச் சொல்லும்போதே ஸ்ட்ரிப்பில் (அந்த விமானத்தின் விவரம் எழுதும் பட்டைத் தாளில்) எழுதுங்கள். ரீட்பேக் வரும்போது பேனா முனை அந்த எண்ணின் மேலேயே இருக்கட்டும். ஒவ்வொரு இலக்கமாகப் பொருத்திப் பார்த்து, கடைசி இலக்கமும் பொருந்திய பிறகே டிக் போடுங்கள். அடுத்த விமானத்தை அழைப்பது, பக்கத்து செக்டாருக்கு (அடுத்த வான்பகுதியின் கட்டுப்பாட்டாளருக்கு) போன் எடுப்பது எல்லாம் டிக்குக்குப் பிறகுதான். நான் பெரிதும் அஞ்சுவது அந்தப் போனைத்தான்: ஒரு காதில் ஒருங்கிணைப்பு, மறு காதில் ரீட்பேக் என்றால் இரண்டில் ஒன்று நிச்சயம் நழுவும்.

சொல்லும் விதமும் முக்கியம். 1989 பிப்ரவரியில் கோலாலம்பூர் சுபாங் விமான நிலையத்தை நெருங்கிய ஃப்ளையிங் டைகர் 66 சரக்கு விமானத்துக்கு 'டிசென்ட் டூ ஃபோர் ஜீரோ ஜீரோ' என்று, அதாவது 2400 அடி, கொடுக்கப்பட்டது. எண்ணான 'டூ', 'வரை' என்ற பொருளில் வரும் 'டு'வாகக் கேட்டது. '400' என்று ரீட்பேக் வந்தது, யாரும் திருத்தவில்லை. விமானக் குழுவின் தவறுகளும் சேர, விமானம் குன்றில் மோதி நால்வரும் இறந்தனர். 'டிசென்ட் டு ஆல்டிட்யூட் டூ தௌசண்ட் ஃபோர் ஹண்ட்ரட் ஃபீட்' என்றால் இந்தக் குழப்பத்துக்கே இடமில்லை.

ஒரே அழைப்பில் ஹெடிங் (பறக்கும் திசை), வேகம், லெவல், அலைவரிசை என்று நான்கையும் அடுக்காதீர்கள், இரண்டு போதும். நிமிடத்துக்கு 100 சொற்களைத் தாண்டாமல் பேசுங்கள். லெவலுக்கு வெறும் 'ரோஜர்' (செய்தி கிடைத்தது) என்று வந்தால் ரீட்பேக் கேட்டு வாங்குங்கள். தவறு என்றால் உடனே 'நெகட்டிவ்', பிறகு சரியான லெவல், மீண்டும் ரீட்பேக். நீங்கள் பேசாமல் இருந்தால் அதை விமானி ஒப்புதலாகவே எடுத்துக்கொள்வார்.

கால்சைனையும் (ரேடியோவில் விமானத்தை அழைக்கும் பெயரையும்) அதே பேனா முனையால் சரிபாருங்கள். எண் சரியாக இருந்தும், பதில் சொன்னது ஒத்த கால்சைன் உள்ள வேறு விமானமாக இருக்கலாம்.

உங்கள் ரேடார் திரையில் விமானத்தின் அருகே வரும் லேபிளில் விமானி செட் செய்த லெவல் தெரியுமானால், ரீட்பேக் முடிந்த சில விநாடிகளில் அதையும் ஒருமுறை பாருங்கள். சரியாகத் திருப்பிச் சொல்லிவிட்டுத் தவறாகச் செட் செய்பவரும் உண்டு.